மூன்றாவது ஆள் யார்?

உலக சினிமா: தி தேர்ட் மேன் (1949)

நண்பன் வேலை தருவதாகக் கூப்பிட்டிருக்கிறான். பாக்கெட்டில் காசில்லை. 'அதனாலென்ன, அவன் இருக்கிறானே' என்ற தைரியத்தில் கடல் கடந்து, ரயில் ஏறி, முன்பின் பார்த்திராத ஊரில் வந்து இறங்குகிறான் ஹோலி மார்ட்டின்ஸ். ஸ்டேஷனுக்கு யாரும் வரவில்லை. முகவரியைத் தேடிப்பிடித்து, மாடி ஏறிக் கதவைத் தட்டினால், அந்தக் கட்டடத்தின் காவலாளி அரைகுறை ஆங்கிலத்தில் ஒரு செய்தி சொல்கிறான்.

பத்து நிமிடம் தாமதமாக வந்துவிட்டீர்கள். சவப்பெட்டி இப்போதுதான் கிளம்பியது.

வேலை கேட்டு வந்தவன் நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறான். அங்கே ஹாரி லைம் என்ற தன் பால்ய நண்பனைக் குழியில் இறக்குவதைப் பார்க்கிறான். சுற்றி நிற்பவர்கள் ஒரு சிலர்தான். அவர்களில் ஒருத்தி, யாரிடமும் பேசாமல், யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்து போய்விடுகிறாள்.

படம் தொடங்கிச் சில நிமிடங்கள்தான் ஆகின்றன. ஹீரோவை அழைத்தவன் செத்துவிட்டான். இனி என்ன கதை இருக்கிறது என்று தோன்றும். கதையே இனிமேல்தான்.

நான்கு பேர் ஆண்ட நகரம்

'தி தேர்ட் மேன்' படத்தின் உண்மையான கதாநாயகன் வியன்னா. மொஸார்ட்டும் பீத்தோவனும் வாழ்ந்த ஊர். வால்ட்ஸ் நடனத்துக்கும் காபிக் கடைகளுக்கும் பேர் போன ஊர். ஆனால், படத்தில் வருவது அந்த வியன்னா இல்லை.

இரண்டாம் உலகப் போரில் குண்டுகள் விழுந்து நொறுங்கிய நகரம் அது. புகழ்பெற்ற ஓபரா அரங்கமும் புனித ஸ்டீபன் தேவாலயமும்கூட 1945-ல் தீக்கிரையாகின. போர் முடிந்ததும் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் யூனியன் நான்கும் ஊரைப் பங்கு போட்டுக்கொண்டன. நடுவில் இருந்த பழைய நகரம் மட்டும் பொது. அதை நான்கு நாடுகளும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும். மாதம் ஒரு நாடு தலைமை ஏற்கும். ஒரே ஜீப்பில் நான்கு நாட்டுச் சிப்பாய்களும் ஒன்றாக உட்கார்ந்து ரோந்து போவார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. 1955 வரை, பத்து வருடங்கள் இதுதான் வியன்னாவின் நிலைமை.

இப்படிப்பட்ட ஊரில் எது கிடைக்கும்? நேர்வழியில் எதுவுமே கிடைக்காது. கள்ளச்சந்தையில் எல்லாம் கிடைக்கும். சிகரெட், டயர், காலணி, கைக்கடிகாரம், பாஸ்போர்ட் என்று எதற்கும் ஒரு விலை உண்டு. நேற்றுவரை மரியாதையாக வாழ்ந்தவர்கள்கூட வயிற்றுப்பாட்டுக்காக எதையாவது வாங்கி, எதையாவது விற்றுக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தப்பு செய்யாமல் ஒருநாளைக் கடத்த முடியாத காலம். படத்தில் ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றை மறைக்கிறார்கள் என்றால், காரணம் இதுதான்.

படத்தில் ஜெர்மன் மொழி வசனங்கள் நிறைய உண்டு. அவற்றுக்கு சப்டைட்டில் கிடையாது. மறந்துபோய் விட்டதில்லை, வேண்டுமென்றே விட்டது. ஹோலிக்கு அந்த மொழி தெரியாது. சுற்றி இருப்பவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று அவன் விழிப்பதுபோலவே பார்ப்பவர்களும் விழிக்க வேண்டும் என்பது இயக்குநர் கேரல் ரீடின் கணக்கு.

கணக்கு உதைக்கிறது

ஹோலி ஒரு எழுத்தாளன். குதிரை, துப்பாக்கி, கெட்டவனைத் துரத்தும் கௌபாய் என்று மலிவு விலை நாவல்கள் எழுதுகிறவன். பிரிட்டிஷ் ராணுவ போலீஸைச் சேர்ந்த மேஜர் கேலோவே, 'உன் நண்பன் இந்த ஊரிலேயே மோசமான கள்ளச்சந்தைப் பேர்வழி. செத்தது நல்லதுக்குத்தான்' என்கிறார். ஹோலிக்குக் கோபம் தலைக்கேறுகிறது. தன் நாவலில் வரும் கௌபாய்போலவே, நண்பனின் பெயரைக் காப்பாற்றத் துப்பறியக் கிளம்பிவிடுகிறான்.

விசாரித்தால் எல்லோரும் ஒரே கதையைச் சொல்கிறார்கள். ஹாரி தெருவைக் கடந்தபோது கார் மோதியது. உடனிருந்த இரண்டு நண்பர்கள் அவனைத் தூக்கி எதிர்ப்பக்கம் கிடத்தினார்கள். உயிர் போய்விட்டது.

சரி. மோதிய காரை ஓட்டியது யார்? ஹாரியின் சொந்த டிரைவர். தற்செயலாக அந்த வழியே வந்து பரிசோதித்த டாக்டர் யார்? ஹாரியின் சொந்த டாக்டர். அப்படியென்றால் அந்த நேரத்தில் அந்தத் தெருவில் ஹாரிக்குத் தெரியாதவர் ஒருவர்கூட இல்லையா?

இருந்தார். மாடி ஜன்னலில் இருந்து பார்த்த காவலாளி. அவன் சொல்வது வேறு மாதிரி இருக்கிறது. உடலைத் தூக்கியது இரண்டு பேர் இல்லை, மூன்று பேர். முதலாவது ஆள் தெரியும், இரண்டாவது ஆளும் தெரியும். அந்த மூன்றாவது ஆள் யார்?

பதில் தெரிவதற்குள் காவலாளி கொல்லப்படுகிறான். கூட்டத்தில் நிற்கும் ஒரு குட்டிப் பையன், கையில் பந்தோடு, ஹோலியைக் காட்டிக் கொலைகாரன் என்று கத்துகிறான். கூட்டம் துரத்துகிறது.

இந்தப் பதற்றத்துக்கு நடுவில் ஒரு காமெடியும் உண்டு. ஹோலியை ஒரு டாக்ஸி அள்ளிக்கொண்டு பேய் வேகத்தில் பறக்கிறது. கொல்லத்தான் கொண்டுபோகிறார்கள் என்று அவன் நடுங்க, வண்டி போய் நிற்பது ஓர் இலக்கியக் கூட்டத்தில்! பேச ஒப்புக்கொண்டதையே அவன் மறந்துவிட்டான். ஜேம்ஸ் ஜாய்ஸ் பற்றிக் கேட்கிறார்கள். கௌபாய் கதை எழுதுகிறவன் என்ன சொல்வான்? திருதிருவென்று முழிக்கிறான். கூட்டம் ஒவ்வொருவராக எழுந்து போகிறது.

கல்லறையில் இருந்து தனியாக நடந்து போனாளே, அவள்தான் அன்னா. நாடக நடிகை. ஹாரியின் காதலி. செக்கோஸ்லோவாகியாவைச் சேர்ந்தவள். போலி பாஸ்போர்ட்டில் வியன்னாவில் வாழ்கிறாள். அதை ஏற்பாடு செய்து கொடுத்தவனே ஹாரிதான். அது போலி என்று தெரிந்தால் சோவியத் அதிகாரிகள் கொண்டுபோய்விடுவார்கள். அவளுக்கு உதவப் போன ஹோலி, மெல்ல மெல்ல அவளிடம் மனதைப் பறிகொடுக்கிறான். அவளோ பேச்சுவாக்கில் அவனையே 'ஹாரி' என்று கூப்பிட்டுவிடுகிறாள்.

மருந்தில் தண்ணீர்

கடைசியில் மேஜர் கேலோவே பொறுமை இழந்து, தன் அலுவலகத்தில் ஹோலியை உட்காரவைத்து ஆதாரங்களை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். ஹாரி விற்றது சிகரெட்டோ டயரோ இல்லை. பென்சிலின்.

1928-ல் அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் கண்டறிந்த பென்சிலினை, போர்க்காலத்தில்தான் ஃபுளோரியும் செயினும் சக ஆராய்ச்சியாளர்களும் மருந்தாக வளர்த்தெடுத்தார்கள். 1945-ல் மூவருக்கும் நோபல் பரிசு. அதுவரை செப்டிக் ஆனால் காலை வெட்டு, ஜன்னி வந்தால் கடவுளை வேண்டிக்கொள் என்றிருந்த உலகத்தில், அது உயிர்காக்கும் மந்திரம். ஆனால், உற்பத்தி குறைவு. படத்தில் வரும் வியன்னாவில் ராணுவ மருத்துவமனைகளுக்கு மட்டுமே அது கிடைக்கிறது. அங்கே வேலை பார்த்த ஹார்பின் என்ற ஊழியன் மூலம் ஹாரி அதைத் திருடவைத்தான். திருடியதை அப்படியே விற்றிருந்தால்கூட ஒரு திருட்டோடு போயிருக்கும். ஒன்றை மூன்றாக்கி, மூன்றை ஆறாக்க, அதில் கலப்படம் செய்து வீரியத்தைக் குறைத்து விற்றான்.

பாலில் தண்ணீர் கலந்தால் வீட்டில் காபி போடும்போதே தெரிந்துவிடும். மருந்தில் கலந்தால்? டாக்டர் ஊசி போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பார். பெற்றவர்கள் காய்ச்சல் இறங்கும் என்று காத்திருப்பார்கள். உள்ளே கிருமிகள் சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கும். அரைகுறை அளவில் மருந்து கொடுத்தால் கிருமிகள் அதைத் தாங்கப் பழகிக்கொள்ளும் என்று ஃபிளெமிங்கே தன் நோபல் உரையில் எச்சரித்திருக்கிறார். வீரியம் இல்லாத மருந்து, இல்லாத மருந்தைவிட ஆபத்தானது. இல்லை என்றால் வேறு வழி தேடுவார்கள். இருக்கிறது என்ற நம்பிக்கையே நேரத்தைக் கொன்றுவிடும்.

கால் அழுகியவர்கள், பிரசவித்த பெண்கள், மூளைக்காய்ச்சல் வந்த குழந்தைகள். அவர்களுக்குத்தான் ஹாரியின் மருந்து போயிருக்கிறது. பிழைத்த குழந்தைகளில் சிலர் மனநலக் காப்பகத்தில் இருக்கிறார்கள். செத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள் என்கிறார் கேலோவே.

இது கற்பனைச் சரக்கு இல்லை. தயாரிப்பாளர் அலெக்ஸாண்டர் கோர்டா, நான்கு நாடுகள் ஆளும் வியன்னாவை வைத்து ஒரு படம் வேண்டும் என்று எழுத்தாளர் கிரஹாம் கிரீனை 1948-ல் அந்த ஊருக்கு அனுப்பினார். கிரீனிடம் அப்போது இருந்தது ஒரே ஒரு பொறி. பல வருடங்களுக்கு முன் ஒரு கவரின் பின்பக்கத்தில் குறித்துவைத்தது. ஒரு வாரம் முன்பு யாருடைய சவ அடக்கத்துக்குப் போனோமோ, அதே ஆள் லண்டன் தெருவில் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து போகிறான். அவ்வளவுதான். மேலே நகரவில்லை. வியன்னாவில் பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் பேச்சோடு பேச்சாக இரண்டு விஷயங்களைச் சொன்னார். ஒன்று, பாதாளச் சாக்கடையில் ரோந்து போகும் போலீஸ். இரண்டு, பென்சிலின் கள்ளச்சந்தை. கிரீனுக்குக் கதை கிடைத்துவிட்டது.

(இதே கிரஹாம் கிரீன்தான் 1935-ல், சென்னையில் பிறந்த ஆர்.கே.நாராயணின் 'சுவாமி அண்ட் ஃபிரெண்ட்ஸ்' நாவலைப் படித்துவிட்டு லண்டன் பதிப்பாளரிடம் சிபாரிசு செய்தவர். மால்குடியை உலகத்துக்கு அறிமுகப்படுத்திய கை, வியன்னாவின் இருட்டையும் எழுதியிருக்கிறது.)

பூனைக்குத் தெரிந்த ரகசியம்

நொறுங்கிப்போன ஹோலி, குடித்துவிட்டு நள்ளிரவில் அன்னாவின் அறைக்கு வருகிறான். அங்கே ஒரு பூனை. அவன் கொஞ்சப் பார்க்கிறான், அது கண்டுகொள்ளவில்லை. அதற்கு ஹாரியை மட்டும்தான் பிடிக்கும் என்கிறாள் அன்னா. பூனை ஜன்னல் வழியாக இறங்கித் தெருவுக்குப் போகிறது. எதிரே இருட்டான ஒரு வாசற்படி. அங்கே யாரோ நிற்கிறார்கள். பளபளக்கும் ஷூக்கள் மட்டும் தெரிகின்றன. பூனை அந்தக் கால்களை உரசி, கயிற்றை இழுத்து விளையாடுகிறது.

ஹோலி கீழே வருகிறான். யாரோ தன்னை வேவு பார்ப்பதாக நினைத்து, போதையில் கத்துகிறான். சத்தம் கேட்டுத் தூக்கம் கலைந்த மாடிவீட்டுப் பெண்மணி எரிச்சலோடு விளக்கைப் போடுகிறாள். அந்த வெளிச்சம் எதிர்வாசலில் நிற்பவன் முகத்தில் விழுகிறது.

ஹாரி லைம்!

செத்தவன் நிற்கிறான். மாட்டிக்கொண்டோமே என்ற பதற்றம் துளிகூட இல்லை. குறும்பு செய்து அகப்பட்ட பள்ளிக்கூடப் பையன்போல லேசாகச் சிரிக்கிறான். ஒரு கார் குறுக்கே போகிறது. விளக்கு அணைகிறது. ஆள் இல்லை. காலடிச் சத்தம் மட்டும் வெறிச்சோடிய தெருக்களில் எதிரொலிக்கிறது.

ஆர்சன் வெல்ஸ் படத்தில் தோன்றும்போது ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடிவிட்டிருக்கும். அவர் திரையில் இருக்கும் மொத்த நேரமும் கொஞ்சம்தான். ஆனால், அதுவரை அத்தனை பேரும் அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால், அந்த ஒற்றைச் சிரிப்புக்கே தியேட்டர் நிமிர்ந்து உட்கார்ந்தது. வாசலைக் காட்டி, விளக்கைப் போட்டு, பூனையை வைத்து ஓர் அறிமுகக் காட்சி. 'மாஸ் என்ட்ரி' என்று இன்று சொல்வதற்கெல்லாம் இது ஒரு மூத்த அண்ணன்.

கல்லறையைத் தோண்டுகிறார்கள். பெட்டிக்குள் கிடப்பது ஹார்பின். போலீஸுக்குத் துப்பு கொடுத்தவன் அவன். அவனைத் தீர்த்துக்கட்டி, தன் பெயரில் புதைத்துவிட்டு, ஹாரி சோவியத் பகுதியில் ஒளிந்துகொண்டான். ஊரின் பகுதிகளுக்கு நடுவே அவன் போய்வருவது எப்படி? சதுக்கத்தில் நிற்கும் விளம்பரத் தூண் ஒன்றின் கதவைத் திறந்து காட்டுகிறார் கேலோவே. உள்ளே படிக்கட்டு. கீழே பாதாளச் சாக்கடை. மேலே நான்கு நாடுகளின் எல்லைகள். கீழே எல்லையே இல்லாத ஒரே சாக்கடை.

ராட்டினத்தில் இரண்டு நண்பர்கள்

ஹாரியைச் சந்திக்க வேண்டும் என்று ஹோலி சொல்லி அனுப்புகிறான். சந்திப்பு நடப்பது பிராட்டர் பூங்காவின் ராட்சத ராட்டினத்தில். 1897-ல் கட்டப்பட்டது. சுமார் 65 மீட்டர் உயரம். போரில் எரிந்து, 1947-ல்தான் மறுபடியும் சுற்ற ஆரம்பித்தது. முன்பு 30 பெட்டிகள் இருந்த இடத்தில் 15 பெட்டிகளோடு.

பெட்டியில் இரண்டு நண்பர்கள் மட்டும். ராட்டினம் மெல்ல மேலே போகிறது. உன்னால் பாதிக்கப்பட்ட ஒருவரையாவது நேரில் பார்த்திருக்கிறாயா என்று ஹோலி கேட்கிறான். ஹாரி பெட்டியின் கதவைத் திறந்து கீழே காட்டுகிறான். தரையில் மனிதர்கள் புள்ளிகளாக நகர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

அந்தப் புள்ளிகளில் ஒன்று நின்றுபோனால் உனக்கு நிஜமாகவே வருத்தமா இருக்கும்? நிற்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் 20,000 பவுண்டு தருகிறேன் என்றால், வேண்டாம் என்பாயா, இல்லை எத்தனை புள்ளி மிச்சம் இருக்கிறது என்று எண்ண ஆரம்பிப்பாயா? அதுவும் வருமானவரி இல்லாமல்! ஹாரியின் பேச்சின் சாரம் இது.

இதைக் கண்களை உருட்டி மிரட்டிச் சொல்லவில்லை. வயிற்றுவலிக்கு மாத்திரை தேடிக்கொண்டே, பழைய நண்பனிடம் அரட்டை அடிப்பதுபோலச் சொல்கிறான். திறந்த கதவுக்கு அருகே ஹோலி நிற்கிறான். ஒரு தள்ளு தள்ளினால் போதும். கல்லறையைத் தோண்டியாயிற்று, ஹார்பின் உடல் கிடைத்துவிட்டது என்று ஹோலி சொன்ன பிறகுதான், கொன்று பயனில்லை என்று ஹாரி கதவைச் சாத்துகிறான். உடனே சிரிப்பு திரும்பிவிடுகிறது. கூட்டு சேர வா என்று கூப்பிடுகிறான்.

இறங்கியதும் அவன் விடைபெறும் வசனம்தான் படத்தின் புகழ்பெற்ற இடம். போர்ஜியாக்கள் ஆண்ட இத்தாலியில் போரும் கொலையும் மலிந்திருந்தன, ஆனால் மைக்கேலாஞ்சலோவும் டாவின்சியும் கிடைத்தார்கள். சுவிட்சர்லாந்தில் ஐந்நூறு ஆண்டுகள் அமைதி, கிடைத்தது குயில் கூவும் கடிகாரம் மட்டும்தான் என்று கிண்டலடித்துவிட்டுப் போகிறான். கிரீன் எழுதாத இந்த வரிகளைச் சேர்த்தவர் வெல்ஸ். குயில் கடிகாரம் சுவிஸ் சரக்கே இல்லை, ஜெர்மனியின் கறுப்புக்காட்டுப் பகுதியில் பிறந்தது என்று சுவிஸ்காரர்கள் பிறகு தன்னைத் திருத்தியதை வெல்ஸே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். ஹாரியின் தத்துவமும் அவன் மருந்து மாதிரிதான். கேட்க ஜோராக இருக்கும், உள்ளே கலப்படம்.

காட்டிக்கொடுப்பதா, கைவிடுவதா?

இதற்கு மேல் படம் துப்பறியும் கதையாக இல்லை. ஒரு சாதாரண மனிதனின் மனப் போராட்டமாகிவிடுகிறது.

ஹாரியைப் பிடிக்க உதவு என்கிறார் கேலோவே. ஹோலிக்கு மனம் வரவில்லை. ஆனால், அன்னாவின் போலி பாஸ்போர்ட் வெளியே வந்துவிட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள். அன்னாவைப் பத்திரமாக வெளியூருக்கு அனுப்பிவைத்தால் உதவுகிறேன் என்று பேரம் பேசுகிறான். ரயிலும் தயார். ஆனால், ஸ்டேஷனில் ஹோலியைப் பார்த்துவிடும் அன்னா, தன் விடுதலைக்குக் கொடுக்கப்பட்ட விலை என்ன என்பதைப் புரிந்துகொள்கிறாள். ரயில் ஏறவில்லை. ஹாரி என்ன செய்தான் என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும், தான் நேசித்தவனை விற்று வாங்கிய பயணச்சீட்டு வேண்டாம் என்கிறாள். இத்தனைக்கும் தன் பாதுகாப்புக்காக அவளை சோவியத் ஆட்களிடம் காட்டிக்கொடுத்ததே ஹாரிதான்!

ஹோலி பின்வாங்குகிறான். எனக்கு எதுவும் வேண்டாம், ஊருக்குப் போகிறேன் என்கிறான். கேலோவே வாதாடவில்லை. விமான நிலையம் போகும் வழியில் ஓர் இடத்தில் இறங்கிவிட்டுப் போகலாம் என்று மட்டும் சொல்கிறார். அது குழந்தைகள் மருத்துவமனை.

இங்கேதான் கேரல் ரீட் எவ்வளவு பெரிய இயக்குநர் என்பது தெரியும். ஒரு குழந்தையின் முகத்தைக்கூட அவர் காட்டவில்லை. கட்டிலைக் குனிந்து பார்க்கும் ஹோலியின் முகம். அமைதியாக நகரும் நர்ஸுகள். ஒரு நர்ஸ், இனி யாருக்கும் தேவைப்படாத ஒரு கரடி பொம்மையைத் தலைகீழாகப் போடுகிறாள். அவ்வளவுதான். ராட்டினத்தின் உச்சியில் இருந்து புள்ளியாகத் தெரிந்தது, கட்டில் அருகே வந்தால் கரடி பொம்மை வைத்திருந்த ஒரு குழந்தை. காரில் ஏறியதும், சரி, நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் என்கிறான் ஹோலி.

காபிக் கடையில் ஹோலி தூண்டில் இரையாகக் காத்திருக்கிறான். இருட்டில் போலீஸார் பதுங்கியிருக்கிறார்கள். சுவரில் பூதாகரமான ஒரு நிழல் நெருங்கி வருகிறது. அனைவரும் மூச்சைப் பிடித்துக்கொள்ள, வருவது பலூன் விற்கும் ஒரு கிழவர். பலூன் வேண்டுமா என்று போலீஸ்காரர்களையே நச்சரிக்கிறார்!

ஹாரி வருகிறான். அன்னா அவனை எச்சரித்துவிடுகிறாள். சாக்கடைக்குள் பாய்கிறான். அதன்பின் வரும் துரத்தல் சினிமா மாணவர்களுக்குப் பாடம். பாய்ந்தோடும் தண்ணீர், பளபளக்கும் செங்கல் சுரங்கங்கள், எந்தப் பக்கம் இருந்து என்று தெரியாமல் எதிரொலிக்கும் குரல்கள். படம் முழுக்க ஹோலியிடம் அன்பாக நடந்துகொண்ட, அவனுடைய கௌபாய் நாவல்களின் ரசிகரான சார்ஜென்ட் பெய்ன், ஹாரியின் குண்டுக்குப் பலியாகிறார். கேலோவே சுட்டதில் ஹாரியும் அடிபடுகிறான். இரும்புப் படியேறி, தெருவில் இருக்கும் கம்பி மூடியைத் தூக்கப் பார்க்கிறான். முடியவில்லை. ஆளில்லாத தெருவில், கம்பிகளுக்கு நடுவே அவனது விரல்கள் மட்டும் நீண்டு காற்றைத் துழாவுகின்றன. (அந்த விரல்கள் வெல்ஸுடையவை அல்ல, இயக்குநர் ரீடுடையவை.)

பெய்னின் துப்பாக்கியோடு ஹோலி வருகிறான். ஹாரி அவனைப் பார்க்கிறான். லேசாகத் தலையசைக்கிறான். திரையில் ஒன்றும் தெரியவில்லை. துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்கிறது.

சாய்ந்த கேமரா, ஒற்றை வாத்தியம்

படம் முழுவதும் கேமரா கொஞ்சம் சாய்ந்தே நிற்கும். ஊரே நேராக இல்லை என்று சொல்வதுபோல. படத்தைப் பார்த்த ஹாலிவுட் இயக்குநர் வில்லியம் வைலர், அடுத்த முறை கேமராவை நேராக வையுங்கள் என்று கேலியாக ரீடுக்கு ஒரு ரசமட்டத்தைப் பரிசாக அனுப்பியதாக ஒரு கதை உண்டு. 1948 கடைசியில் வியன்னாவின் குளிரில், இரவுகளில், தெருக்களைத் தண்ணீர் விட்டு நனைத்துப் படமெடுத்தார்கள். ஈரக் கற்களில் விளக்கொளி பட்டு மின்னும் அழகுக்காக. ஒளிப்பதிவாளர் ராபர்ட் கிராஸ்கருக்கு ஆஸ்கர் கிடைத்தது. வண்ணத்தில் எடுத்திருந்தால் இடிபாடுகள் வெறும் இடிபாடுகளாகத் தெரிந்திருக்கும். கறுப்பு வெள்ளையில் ஒவ்வொரு நிழலும் ஒரு சந்தேகம்.

இசை இன்னொரு ஆச்சரியம். போர்க்காலப் படம் என்றால் நூறு பேர் வாசிக்கும் ஆர்கெஸ்ட்ரா என்றிருந்த காலம். ரீட், வியன்னாவின் ஒயின் விடுதிகளில் வாசித்துப் பிழைத்துக்கொண்டிருந்த ஆன்டன் கராஸ் என்பவரின் ஸிதர் இசையைக் கேட்டார். நம்மூர் சித்தார் இல்லை, மடியிலோ மேஜையிலோ கிடத்தி மீட்டும் தந்தி வாத்தியம் இது. கராஸை லண்டனுக்கு அழைத்துவந்து, படம் முழுக்க அந்த ஒற்றை வாத்தியத்தையே ஒலிக்கவிட்டார். கொலை, துரோகம், துரத்தல் எல்லாவற்றுக்கும் பின்னால் துள்ளலாக ஒரு ஸிதர். 1950-ல் அந்த இசைத்தட்டு அமெரிக்காவில் 11 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. கராஸ் ஊர் திரும்பி, படத்தின் பெயரிலேயே சொந்தமாக ஒயின் விடுதி வைத்தார்.

நிற்காமல் நடந்தவள்

ஹாரியை இரண்டாவது முறையாகப் புதைக்கிறார்கள். இந்த முறை நிஜமாக. கேலோவேயின் ஜீப்பில் கிளம்பும் ஹோலி, வழியில் இறங்கிக்கொள்கிறான். இலையுதிர்ந்த மரங்களுக்கு நடுவே நீண்ட பாதை. தொலைவில் புள்ளியாக அன்னா நடந்து வருகிறாள். அவன் ஓரமாகக் காத்து நிற்கிறான். கேமரா அசையவில்லை. அவள் நெருங்கி வருகிறாள். இன்னும் நெருங்கி வருகிறாள். நிற்பாளா? ஒரு வார்த்தை பேசுவாளா?

நிற்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் அவனைக் கடந்து போய்விடுகிறாள். அவன் ஒரு சிகரெட்டைப் பற்றவைக்கிறான். படம் முடிகிறது.

கிரீன் முதலில் இருவரும் சேர்ந்து நடந்து போவதாகத்தான் எழுதியிருந்தார். திரில்லர் பார்க்க வந்தவர்களைச் சோகத்தோடு வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது அவர் எண்ணம். ரீட் ஒப்புக்கொள்ளவில்லை. காதலனைப் புதைத்த கையோடு, அவனைச் சுட்டவனோடு ஒருத்தி கைகோத்துப் போவாளா என்பது அவர் கட்சி. ரீட் சொன்னதே சரி என்று கிரீன் பின்னாளில் மனப்பூர்வமாக எழுதினார். 1949-ல் கேன் திரைப்பட விழாவின் உயரிய பரிசு இந்தப் படத்துக்குக் கிடைத்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1999-ல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் எடுத்த கணக்கெடுப்பில் இருபதாம் நூற்றாண்டின் சிறந்த பிரிட்டிஷ் படமாகவும் தேர்வானது.

ஹோலி செய்தது சரியா? கரடி பொம்மையைப் பார்த்தவர்கள் சரி என்பார்கள். அன்னா நடந்துகொண்டது தப்பா? காதலித்தவர்கள் அப்படிச் சொல்லத் தயங்குவார்கள். படம் தீர்ப்பு சொல்லவில்லை. சரியானதைச் செய்தவனுக்குப் பரிசு எதுவும் கிடைக்காது, நண்பனும் போய், காதலும் போய், தனியாகத்தான் நிற்க வேண்டியிருக்கும், ஆனாலும் செய்யத்தான் வேண்டும் என்கிறது.

அந்த ராட்டினம் இன்றும் வியன்னாவில் சுற்றிக்கொண்டிருக்கிறது. குடும்பம் குடும்பமாக ஏறி, உச்சியில் நின்று கீழே பார்க்கிறார்கள். மனிதர்கள் அங்கிருந்து இப்போதும் புள்ளிகளாகத்தான் தெரிவார்கள். கீழே இறங்கி வந்ததும் அந்தப் புள்ளிகளில் ஒன்று நம் பிள்ளையாக ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்ளும்.